பவுண்டில் அடைபட்ட மாடு: இரண்டு ஏழு நாள் தாண்டினால் ஏலம்!

புள்ளலூர்,-

மேய போன மாடு பொழுது சாய்ந்தும் வீடு திரும்பவில்லை. ஏரிக்கரை, தோப்பு, களத்துமேடு எல்லாம் தேடியாச்சு. காணோம்!

"எவனாவது ஓட்டிக்கிட்டு போயிட்டானா?" என்று பதறி அடித்து ஓடுவதற்கு முன் மாட்டுக்காரர் எட்டிப்பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதுதான் பவுண்டு.

காஞ்சீபுரம் மாவட்டத்தில் புள்ளலூர், உத்திரமேரூர் பக்கத்து நெல் கிராமங்களுக்கு இந்த வார்த்தை புதிது அல்ல. அடுத்தவர் கழனியில் வாய் வைத்த மாட்டை பிடித்து அடைக்கும் பட்டிக்குத்தான் பவுண்டு என்று பெயர்.

பவுண்டில் அடைத்ததாலேயே மாடு பறிபோய்விடாது. சொந்தக்காரர் சொந்தக்காரர்தான். ஆனால் அவருக்கு கெடு உண்டு. கெடு தாண்டினால் மாடு ஏலத்துக்கு வந்துவிடும்!

1871-ம் ஆண்டு சட்டம்

வெள்ளைக்காரன் காலத்தில், 1871-ம் ஆண்டில் கொண்டு வந்த கால்நடை அத்துமீறல் சட்டம்தான் இதற்கு அடிப்படை. அதில் சொல்லி இருப்பதாவது:-

பயிரை மேய்ந்த மாட்டை, பயிர் வைத்தவரே பிடிக்கலாம். ஆனால் தன் வீட்டு தொழுவத்தில் கட்டி வைத்துக்கொள்ளக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு அனுப்பிவிட வேண்டும். ரோட்டில் திரியும் மாட்டை போலீசாரும் பிடித்து அனுப்பலாம்.

பவுண்டு காவலர், மாட்டின் அடையாளம், வந்த நாள், நேரம், பிடித்து வந்தவர் பெயர் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். மாட்டுக்கு தீனியும் தண்ணீரும் காட்ட வேண்டும். அபராதம் எவ்வளவு, தீனி செலவு எவ்வளவு என்று எல்லோர் கண்ணிலும் படும்படி பட்டியல் ஒட்ட வேண்டும்.

சொந்தக்காரர் வந்து பணத்தை கட்டி, பதிவேட்டில் கையெழுத்து போட்டால் மாட்டை ஓட்டிச் செல்லலாம்.

வராவிட்டால்?

7 நாள் ஆகியும் யாரும் வராவிட்டால் பவுண்டு காவலர் போலீசுக்கு தகவல் கொடுப்பார். எத்தனை மாடு, என்ன அடையாளம், எங்கே பிடிபட்டது என்று போலீசார் நோட்டீசு ஒட்டுவார்கள். மாடு பிடிபட்ட கிராமத்திலும் பக்கத்து சந்தையிலும் தண்டோரா போட வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. (தண்டோரா போடும் பழக்கத்துக்கு தமிழக அரசு 2022-ம் ஆண்டு முடிவு கட்டியது. அதற்கு பதில் வண்டியில் மைக் கட்டி அறிவிக்க உத்தரவிடப்பட்டது.)

நோட்டீசு ஒட்டி மேலும் 7 நாள் கழிந்தால் ஏலம்தான். அந்த ஏலத்தில் பவுண்டு காவலரும், இந்த சட்டப்படி வேலை பார்க்கும் அதிகாரிகளும் மாட்டை வாங்கக்கூடாது. அபராதமும் செலவும் போக மீதி பணத்தை 3 மாதம் டெபாசிட்டாக வைத்திருப்பார்கள். அதற்குள் சொந்தக்காரர் வந்து நிரூபித்தால் பணம் கிடைக்கும். மாடு கிடைக்காது!

யானைக்கு 2 ரூபாய்

அந்த நாளில் போட்ட அபராத பட்டியலை பார்த்தால் சிரிப்பு வரும். யானைக்கு 2 ரூபாய். எருமைக்கும் ஒட்டகத்துக்கும் 8 அணா. பசு, காளை, குதிரைக்கு 4 அணா. கன்று, கழுதை, பன்றிக்கு 2 அணா. ஆட்டுக்கு ஓரணா.

அன்றைக்கு 4 அணா என்பதும் ஏழைக்கு சும்மா கிடைத்த காசு அல்ல.

தடுத்தால் ஜெயில்

"என் மாட்டை எவன்டா பிடிச்சது?" என்று தடியை தூக்கிக்கொண்டு பவுண்டுக்கு போவது ஆபத்து. மாட்டை பிடிக்கவிடாமல் பலாத்காரமாக தடுத்தாலோ, பிடித்த மாட்டை பறித்துச் சென்றாலோ 6 மாதம் வரை ஜெயில், அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

மாட்டுக்காரர் பக்கமும் சட்டம் இருக்கிறது. பயிரையே தொடாத மாட்டை பங்காளி தகராறிலோ வரப்பு தகராறிலோ பிடித்து அடைத்துவிட்டால், 10 நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்யலாம். புகார் உண்மை என்று தெரிந்தால் பிடித்தவர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். கட்டிய அபராதத்தையும் செலவையும் திருப்பி வாங்கலாம்.

பட்டணத்தில் ரூ.10 ஆயிரம்

கிராமத்தில் மாடு பயிரை மேயும். பட்டணத்தில் சுவரொட்டியையும் குப்பை தொட்டியையும் மேயும். அதோடு போனால் பரவாயில்லை. ஆளையும் முட்டிவிடுகிறது.

2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சென்னை அரும்பாக்கத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுமியை ஒரு மாடு முட்டி தூக்கி எறிந்தது. கேமராவில் பதிவான அந்த காட்சியை பார்த்து ஊரே பதறியது. அதே ஆண்டு அக்டோபரில் திருவல்லிக்கேணியில் மாடு முட்டிய முதியவர் ஆஸ்பத்திரியில் உயிரிழந்தார்.

அதன் பிறகு சென்னை மாநகராட்சி பிடியை இறுக்கியது. அபராதம் ரூ.2 ஆயிரத்தில் இருந்து ரூ.5 ஆயிரம் ஆனது. 2024-ம் ஆண்டு ஜூலையில் நடந்த மாமன்ற கூட்டத்தில் அது ரூ.10 ஆயிரமாக ஏறியது. அதே மாடு மறுபடி பிடிபட்டால் ரூ.15 ஆயிரம். 3-வது நாளில் இருந்து பராமரிப்பு செலவு நாள் ஒன்றுக்கு ரூ.1,000!

பிடிபட்ட மாடுகள் புதுப்பேட்டை, பெரம்பூர் தொழுவங்களுக்கு போகும். பணம் கட்டி, "இனி தெருவில் விடமாட்டேன்" என்று எழுதிக்கொடுத்தால்தான் மாடு வெளியே வரும்.

ஒரு வாரம் சுணங்கினால் சில ஆயிரம் கூடிவிடும். பால் விற்று பிழைக்கும் குடும்பத்துக்கு இது பேரிடி. கறவை மாடாக இருந்தால் கஷ்டம் இரட்டிப்பு. வேளைக்கு கறக்காவிட்டால் மடி கட்டிக்கொள்ளும். வீட்டில் கன்று கத்திக்கொண்டு இருக்கும்.

மாட்டுக்காக உயிர் கொடுத்தார்கள்

மாட்டை மீட்பது இந்த மண்ணில் பழைய சங்கதி. புள்ளலூரில் எதிரிகளை வென்றான் என்று காசாக்குடி செப்பேடு சொல்லும் மன்னன் மகேந்திரவர்ம பல்லவன். அவன் காலத்து நடுகற்கள் செங்கம் வட்டாரத்தில் நிறைய இருக்கின்றன. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டு செத்தவர்களுக்கு வைத்த கற்கள் அவற்றில் பல. எடுத்தனூரில் உள்ள கல்லில், செத்துப்போன வீரனுக்கு பக்கத்தில் அவன் வளர்த்த நாயும் நிற்கிறது. கள்ளர்களை கடித்து காவல் இருந்த அந்த நாய்க்கு கோவிவன் என்று பெயரும் பொறித்து இருக்கிறார்கள்.

நாய் கதை வேறு

தெரு நாயை பிடித்தால் சொந்தக்காரர் என்று யாரும் வரமாட்டார்கள். ஒரு காலத்தில் சென்னையில் பிடிபட்ட நாய்களை கொன்றார்கள். 1959-ல் தொடங்கிய புளு கிராஸ் சங்கம் கருத்தடைதான் வழி என்று விடாமல் வாதாடியது. 1996-ல் மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது.

2023-ம் ஆண்டு மத்திய அரசு விதிப்படி, தெரு நாய்க்கு கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே விட வேண்டும். டெல்லி நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கும்படி 2025 ஆகஸ்டு 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 22-ந் தேதியே அதை மாற்றியது. வெறி பிடித்த நாய், கடிக்கும் சுபாவம் உள்ள நாய் தவிர மற்றவற்றை பழைய இடத்தில் விடலாம் என்றது. நவம்பர் 7-ந் தேதி உத்தரவில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையத்தில் பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடக்கூடாது என்றும், நெடுஞ்சாலையில் திரியும் மாடுகளை அப்புறப்படுத்த வேண்டும் என்றும் கூறியது.

இங்கிலாந்தில் பிடிபட்ட நாய்க்கும் 7 நாள்தான் கெடு. அதற்குள் வளர்த்தவர் வராவிட்டால் வேறு ஆளுக்கு கொடுத்துவிடலாம். அங்கே 2016-ல் இருந்து நாய்க்கு மைக்ரோ சிப் கட்டாயம். சிப்பை பார்த்தால் யார் வீட்டு நாய் என்று தெரிந்துவிடும்.

காதில் 12 எண்

நம் ஊர் மாட்டுக்கு அந்த வேலையை காது வில்லை செய்கிறது. மஞ்சள் நிற வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். கால்நடை ஆஸ்பத்திரியில் போடுவார்கள். கொம்பும் சுழியும் சொல்லி "இது என் மாடு" என்று வாதாடுவதை விட இந்த எண் பெரிய சாட்சி.

மாடு காணாமல் போனால் செய்ய வேண்டியது இதுதான்:-

அன்றைக்கே ஊராட்சியிலும் பக்கத்து பவுண்டிலும் விசாரிக்க வேண்டும். பட்டணமாக இருந்தால் மாநகராட்சி தொழுவம். காது வில்லை எண்ணை வீட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். மாட்டோடு எடுத்த போட்டோ இருந்தால் இன்னும் நல்லது. கட்டும் பணத்துக்கு கண்டிப்பாக ரசீது வாங்க வேண்டும்.

இருட்டுவதற்கு முன் மாட்டை தொழுவத்தில் கட்டிவிட்டால் இத்தனை அலைச்சலும் இல்லை.