அந்தக் காலத்து உடம்பு

முள்ளியவளை அகிலத்திருநாயகியின் பேச்சு வந்தால் எங்கள் பக்கத் தேநீர்க் கடைகளில் ஒரே பதில்தான் கிடைக்கும். எழுபது வயது தாண்டிய அந்த அம்மா 2023இல் பிலிப்பைன்ஸுக்குப் போய், மூத்தோருக்கான மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேக நடையிலும் தங்கம் வென்று வந்தவர். "அது அந்தக் காலத்து உடம்பு, தம்பி. குரக்கன் திண்ட உடம்பு" என்றார் போன கிழமை கிளிநொச்சியில் எனக்கு எதிரே இருந்த அண்ணை. சொல்லிவிட்டு, பிளேன்ரீக்குச் சீனி வேண்டாம் என்று கடைப் பெடியனுக்குக் கை காட்டினார். எழும்பும்போது இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றித்தான் எழும்பினார். அந்த அம்மாவைவிட அவருக்குப் பத்து வயது குறைவு. அவர் தின்றதும் அதே குரக்கன்தான்.

அப்படியானால் அவருடைய அந்தக் காலத்து உடம்பு எங்கே போனது? பொறுமையாகப் பார்ப்போம். தசை என்பது வேறொன்றுமில்லை, கடையில் இறைச்சி என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். நம் எடையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அதுவே. அவித்த இறைச்சியைப் பிய்த்தால் தும்பு தும்பாக வரும். அந்தத் தும்புக்குள் இன்னும் மெல்லிய தும்புகள். அவற்றுக்குள் இரண்டு வகைப் புரத இழைகள். இரண்டு கை விரல்களையும் எதிரெதிரே வைத்து, ஒன்றின் இடுக்கில் மற்றதை உள்ளே தள்ளிப் பாருங்கள். இழைகள் அப்படி ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும்போது தசை சுருங்குகிறது. 1954இல் இதைக் கண்டு சொன்ன இரு அணிகளிலும் ஒவ்வொரு ஹக்ஸ்லி இருந்தார். இருவரும் சொந்தக்காரர் இல்லை என்பது தனி வேடிக்கை.

இனி ஊர்க்கோழியை எடுப்போம். காலிறைச்சி கறுப்பாக, நெஞ்சு இறைச்சி வெள்ளையாக இருப்பது ஏன்? கோழி நாள் முழுக்க நடந்து கிளறித் திரிகிறது, பறப்பதோ நாய் துரத்தினால் மட்டும். நெடுநேரம் வேலை செய்யும் தசைக்கு ஒட்சிசன் வேண்டும். அதைப் பிடித்து வைக்கும் சிவப்புப் பொருளும், அதைக் கொண்டு எரிக்கும் நுண்ணிய அடுப்புகளும் அங்கே நிறைய. அந்த அடுப்புகளுக்கு இழைமணி என்று பெயர். பறந்து திரியும் புறாவுக்கு நெஞ்சே கறுப்பு. எந்தத் தசைக்கு என்ன வேலையோ அதற்கேற்ற சரக்கு.

கோழிக்கு இது பிறப்பிலேயே வகுத்தது. ஆனால் வேலையைக் கூட்டினால் சரக்கும் கூடுமா? 1967இல் அமெரிக்காவில் ஜோன் ஹொலோசி என்ற மருத்துவர் எலிகளைப் பன்னிரண்டு கிழமை ஓட விட்டுப் பார்த்தார். அவற்றின் கால் தசையில் அடுப்புகளின் எரிக்கும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. மனிதருக்கும் அதே கதைதான். நடந்தால், ஓடினால், நீந்தினால் தும்புகளைச் சுற்றி மெல்லிய இரத்தக் குழாய்களும் புதிதாக முளைக்கும். பாரம் தூக்கினால் நடப்பது கொஞ்சம் வேறு. முதல் சில கிழமை தசை அவ்வளவாகப் பெருப்பதில்லை; நரம்பு கூடுதல் தும்புகளை ஒரே நேரத்தில் இழுக்கப் பழகுகிறது. பிறகுதான் தும்பு நன்றாகத் தடிக்கும். அதுவும் தூக்குகிற நேரத்தில் அல்ல, சாப்பிட்டுப் படுத்த பிறகு.

இங்கேதான் எல்லோருக்கும் ஒரு பிழையான எண்ணம். பாடுபட்ட உடம்பு என்றால் வங்கியில் போட்ட வைப்புப் பணம்போல என்று நினைக்கிறோம்: இளமையில் மண்வெட்டி பிடித்துச் சேர்த்தது கடைசிவரை வட்டி தரும். உடம்பு அப்படிக் கணக்கு வைப்பதில்லை. தசையைச் சும்மா வைத்திருக்கவும் சாப்பாடு செலவாகும். உடம்போ பெரிய கஞ்சன். வேலையில்லாத ஆளுக்குச் சம்பளம் கொடுக்காது. காலில் போட்ட பிளாஸ்டரை ஆறு கிழமை கழித்து வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மற்றக் காலோடு சேராத சூம்பிய கால் ஒன்று வெளியே வரும். அண்ணையின் வயலை இப்போது லாண்ட்மாஸ்டர் உழுகிறது, அருவி வெட்டுக்கும் சூட்டுக்கும் சேர்த்து ஒரே மெசின் வருகிறது, வரம்புவரை அவர் போவது மோட்டார் சைக்கிளில். குற்றமில்லை, முதுகு முறிய வேலை செய்தவருக்கு மெசின் ஒரு வரம். ஆனால் பிளாஸ்டர் போட்ட கால் ஆறு கிழமையில் கண்டதை அவர் பதினைந்து வருடத்தில் மெதுவாகக் கண்டிருக்கிறார். வைப்புக் கணக்கில் ஒரு துளி உண்மையும் உண்டு, மறைக்கக் கூடாது: ஒருமுறை வளர்ந்த தசையைத் திரும்ப வளர்ப்பது முதல்முறையைவிடச் சுலபம்.

முழங்காலில் கை ஊன்றியதற்கு விடை கிடைத்தது. சீனி வேண்டாம் என்று சொல்ல வைத்த சீனி வருத்தத்துக்கும் காரணம் பெருமளவு அதே தசைதான். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நினைத்துக்கொள்வோம். துருசு திறந்தால் தண்ணீர் வாய்க்காலில் வரும். வந்ததை வயல்கள் வாங்க வேண்டும். நாம் தின்ற சோறு சீனியாகி இரத்தம் என்ற வாய்க்காலில் ஓடுகிறது. வாங்குகிற வயல்களில் மிகப் பெரியது தசை. கணையத்திலிருந்து வரும் இன்சுலின் தட்டினால் தசையின் மடை திறக்கும், சீனி உள்ளே போய்ச் சேமிப்பாகும். சும்மா கிடக்கிற தசையில் பழைய சேமிப்பே செலவாகவில்லை. இன்சுலின் தட்டுவது அதற்குச் சரியாகக் கேட்பதுமில்லை. தண்ணீர் வாய்க்காலிலேயே தேங்கிக் கரையை அரிக்கிறது. கண், சிறுநீரகம், காலின் நரம்பு எல்லாம் அரிபடுகிற கரைகள். கிளினிக்கில் விரலில் குத்திப் பார்ப்பது வாய்க்காலின் நீர்மட்டத்தை. வயல் ஏன் வாங்கவில்லை என்பதை அந்த இலக்கம் சொல்லாது.

வேலை செய்கிற தசை இன்சுலினைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. தண்ணீர் முறை வரும்வரை பொறுக்காமல் இரவோடிரவாக வரம்பை வெட்டித் திருப்புகிறவர்கள் நம்மிடையே உண்டு. அதனால் வந்த சண்டைகளைச் சொல்லப்போனால் இந்தப் பத்தி முடியாது. தசையும் அந்தக் கள்ளத்தைத்தான் செய்கிறது. சுருங்கி விரிகிற தசை, இன்சுலின் தட்டாமலே தன் மடையைத் தானே திறந்துகொள்கிறது. நடந்து முடித்த பிறகும் ஒன்றிரண்டு நாளைக்கு இன்சுலின் தட்டினால் அதற்கு நன்றாகக் கேட்கும். இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்று வைத்தியர்கள் சொல்லுவது இதனால்தான்.

இதயத்துக்கும் இதில் பங்குண்டு. 1953இல் ஜெரி மொறிஸ் என்ற மருத்துவர் லண்டனின் இரட்டைத்தட்டு பஸ்களில் ஒரு வேற்றுமையைக் கண்டார்: நாள் முழுக்க இருந்து ஓட்டிய சாரதிகளைவிட, மாடிப்படி ஏறி இறங்கி ரிக்கற் கிழித்த நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவு. ஏ9 வீதியில் வாசலில் தொங்கிக்கொண்டு வரும் எங்கள் நடத்துநர்களை யாரும் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

வன்னியில் தசையைப் பற்றிப் பேசினால், போரில் காலை இழந்தவர்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. முழங்காலுக்கு மேலே காலை இழந்தவர்கள் செயற்கைக் காலோடு நடக்க மற்றவர்களைவிட அதிக சக்தி செலவழிக்கிறார்கள். கால் செய்த வேலையை இடுப்புத் தசை ஏற்கவேண்டும். அதனால்தான் செயற்கைக் கால் பொருத்துமுன்பே மிச்சமுள்ள தொடையையும் இடுப்பையும் பயிற்சியால் திடமாக்குகிறார்கள்.

"இந்த வயதிலை இனித் தசை வைக்குமோ?" என்று அண்ணை கேட்டார். 1990இல் பொஸ்ரனில் தொண்ணூறு வயதை அண்டிய பத்துப் பேரைச் சேர்த்து, எட்டுக் கிழமை காலால் பாரம் தூக்க வைத்தார்கள். முடித்த ஒன்பது பேரின் கால் வலு சராசரி 174 வீதம் கூடியது. தொடைத் தசையும் பெருத்தது. அறுபது வயதுக்காரர் அவர்கள் முன் இளந்தாரி. கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம் கொஞ்சம் மூச்சு வாங்க நடப்பதும், இரண்டு நாள் தசைக்குப் பாரம் கொடுப்பதும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. பாரத்துக்கு அந்தக் கடைக் கதிரையே போதும் என்றேன்: கையைக் கட்டிக்கொண்டு எழும்பி, மெதுவாக இருந்து, திரும்ப எழும்ப வேண்டும். அவர் அங்கேயே மூன்று தரம் எழும்பினார். நாலாவதுக்கு மேசையைப் பிடித்தார்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் சில வகைச் சீனிக் குளிசை எடுக்கிறவர்களுக்கும், மருந்து ஒரு பக்கம் மடையைத் திறக்க, தசை மறுபக்கம் வரம்பை வெட்டினால், வாய்க்கால் திடீரென்று வற்றிவிடும். நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று வரும். அடுத்த முறை காணும்போது சொல்ல வேண்டும்: கிளினிக்கில் கேட்டுப்போட்டுத் தொடங்குங்கோ அண்ணை, சட்டைப்பையில் இரண்டு டொபி கிடக்கட்டும்.