முதுகைக் காட்டிய மனிதர்

சாட்சிக் கூண்டில் நிற்பவரைக் குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலுக்குச் சட்டம் பெரிய சுதந்திரம் அளித்திருக்கிறது. ஆயினும் அவருக்கு எதிரே மற்றொரு வக்கீல் ஆட்சேபிக்கக் காத்திருக்கிறார். மேலே நீதிபதி அமர்ந்திருக்கிறார். வழக்குக்குச் சம்பந்தமில்லாமல் சாட்சியின் மனத்தைப் புண்படுத்தும் கேள்வியைத் தள்ளிவிட அவருக்கு அதிகாரம் உண்டு. டெலிவிஷனில் பேட்டி காணும் ஆசாமிக்கு இந்த இரு தடைகளும் இல்லை. வக்கீலும் அவரே, நீதிபதியும் அவரே. இந்த நிலைமையின் பலன் என்ன என்பதை அறிய ஜான் ஃப்ரீமன் என்ற ஆங்கிலேயரின் சரித்திரத்தைவிடப் பொருத்தமான உதாரணம் நமக்குத் தென்படவில்லை.

பி.பி.சி. 1959-ஆம் ஆண்டு முதல் 1962 வரை 'முகத்துக்கு முகம்' எனப் பொருள்படும் பெயரில் ஒரு நிகழ்ச்சியை நடத்தியது. மொத்தம் 35 பேட்டிகள். முதன்முதலில் வந்தமர்ந்தவர் பிரசித்தி பெற்ற வக்கீலாகவும் நீதிபதியாகவும் விளங்கிய பர்க்கெட் பிரபு. பின்னர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், மனோதத்துவ நிபுணர் யுங், மார்ட்டின் லூதர் கிங் முதலானோர் வந்தனர். பெயரோ முகத்துக்கு முகம். ஆனால் கேட்பவரின் முகத்தை நேயர்கள் பார்த்ததேயில்லை! பதில் சொல்பவரின் கண்ணும் உதடும் வியர்வைத் துளியும் திரை முழுவதும் நிறைந்திருக்க, ஃப்ரீமனோ பின்னந்தலையும் தோளும் சிகரெட் புகையுமாக ஓர் ஓரத்தில் இருப்பார். பொதுஜனங்களுக்கு முதுகைக் காட்டியே புகழ் சம்பாதித்தவர் என்று அவரைப் பரிகாசம் செய்தார்கள்.

1960 செப்டம்பரில் கில்பர்ட் ஹார்டிங் என்பவர் அந்த நாற்காலியில் அமர்ந்தார். டெலிவிஷனில் சிடுசிடுப்புக்கும் கடுஞ்சொல்லுக்கும் பேர்போனவர். பிரிட்டனிலேயே மரியாதையற்ற மனிதர் என்று பத்திரிகைகளில் பட்டம் வாங்கியவர். சாவைப் பற்றிய அச்சத்தைக் குறித்துப் பேச்சு வந்தபோது, இறந்தவர் அருகில் எப்போதேனும் இருந்ததுண்டா என்று ஃப்ரீமன் அமைதியான குரலில் கேட்டார். அவ்வளவுதான். ஹார்டிங்கின் குரல் தழுதழுத்தது, கண்களில் நீர் ததும்பியது. தம் தாயாரின் மரணப்படுக்கையருகே அவர் இருந்திருக்கிறார். காமிரா விலகவில்லை. லட்சக்கணக்கான வீடுகளில் அந்தக் கண்ணீர் காட்சிப் பொருளாயிற்று. அதே ஆண்டு நவம்பரில், பி.பி.சி. கட்டிடத்தைவிட்டு வெளியே வரும் வேளையில், ஹார்டிங் விழுந்து இறந்தார். வயது 53. பேட்டிக்கும் மரணத்துக்கும் முடிச்சுப் போடுவது அநீதியாகும். அவர் நெடுநாள் நோயாளி. தாயாரின் விஷயம் தமக்குத் தெரியாதென்றும், கேட்டதற்காக வருந்துவதாகவும் ஃப்ரீமன் பிற்பாடு சொன்னார். அதை நாம் நம்புகிறோம். ஆனால் நீதிமன்றத்தில் 'ஆட்சேபிக்கிறேன்' என்று எழுந்திருக்கும் ஒரு குரல் அந்த அறையில் இருக்கவில்லை.

கேட்டவர் யார்? 1915-இல் ஒரு பாரிஸ்டரின் மகனாகப் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் படித்தவர், யுத்தத்தில் மேஜர் பதவி வகித்தவர். 1945-இல் தொழிற்கட்சி அங்கத்தினராகப் பார்லிமெண்டில் நுழைந்து, இராணுவ உடையிலேயே எழுந்து, மன்னர் பேருரைக்கு நன்றி கூறும் பிரேரணையைக் கொண்டுவந்தார். எதிர்க்கட்சி வரிசையிலிருந்த சர்ச்சிலே கண் கலங்கினார் என்பார்கள். 1951-இல், பல் செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் ஏழைகளிடம் கட்டணம் வசூலிப்பதை எதிர்த்து பெவனும் ஹெரால்ட் வில்ஸனும் ராஜிநாமாச் செய்தபோது, தம் உதவி மந்திரி பதவியை உதறி எறிந்தார். 1955-இல் பார்லிமெண்டையும் விட்டார். கைக்கெட்டும் தூரத்தில் பெரும் பதவி இருக்கையில், காரணம் சொல்லாமல் எழுந்துபோவது அவருடைய சுபாவம் போலும்.

பின்னர் 'நியூ ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையின் ஆசிரியரானார். 1965-இல் வில்ஸன் சர்க்கார் அவரை டில்லிக்கு ஹைக்கமிஷனராக அனுப்பியது. அவ்வாண்டு செப்டம்பரில் பாகிஸ்தானுடன் மூண்ட போரில் இந்தியாவைக் குறைகூறி வில்ஸன் விடுத்த அறிக்கையால் நம் நாடு கொதித்தது; அந்தக் கோபத்தைத் தாங்க வேண்டிய நாற்காலியில் இருந்தவர் ஃப்ரீமன். அதன்பின் வாஷிங்டன் ஸ்தானிகர் பதவி. நிக்ஸனைப் பற்றி முன்பு காரசாரமாக எழுதியவர், நிக்ஸனே ஜனாதிபதியாகிவிட்ட தலைநகருக்குப் போகலானார்! 1969-இல் லண்டன் விருந்தொன்றில் நிக்ஸன், ஃப்ரீமன் புதிய ராஜதந்திரி, தாமோ புதிய ராஜ்யவாதி என்று அவர் பத்திரிகையின் பெயரைக்கொண்டே சிலேடை பேசி அந்தச் சங்கடத்தைத் தீர்த்தாராம்.

இவ்வளவு உயரங்களில் உலவியவர் தம் சொந்த வாழ்க்கையைப் பற்றி எழுதினாரா? இல்லை. நான்கு முறை மணந்தார். அவற்றுள் இரண்டு விவாகரத்தில் முடிந்தன. ஒரு மனைவி இறந்தார். இவை பதிவேட்டுச் செய்திகள்; இவற்றுக்கு அப்பால் கதவு சாத்தியே இருந்தது. சுயசரிதை எழுத மறுத்தார். யுங்கிடம் கடவுள் நம்பிக்கை உண்டா என்று கேட்டவர், ஹார்டிங்கிடம் சாவைப் பற்றிக் கேட்டவர், தம்மைப் பற்றிக் கேட்க வந்தவர்களுக்கு இடங்கொடுக்கவில்லை.

இதை வஞ்சகம் என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. மந்திரி பதவியில் என்ன செய்தார், ஹைக்கமிஷனராக என்ன எழுதினார் என்று கேட்க ஜனங்களுக்குப் பூரண உரிமை உண்டு. மணவாழ்க்கை ஏன் முறிந்தது என்று கேட்க உரிமை இல்லை. ஃப்ரீமன் தமக்கு வரைந்துகொண்ட எல்லை நியாயமானது. நம் புகார் வேறு: அதே எல்லையை எதிரே அமர்ந்தவருக்கும் அவர் வரைந்திருக்க வேண்டும். விளக்கொளியின் கீழ் உட்கார இசைந்தவன் எல்லாவற்றுக்கும் இசைந்தவனாகிவிட மாட்டான். மேடையேறும் நம் தொண்டர்களிடமும் தலைவர்களிடமும் கேள்வி கேட்பவர்கள் இந்த வேறுபாட்டை எத்தனை தடவை நினைக்கிறார்கள்?

ஃப்ரீமன் 2014 டிசம்பரில், 99-ஆம் வயதில் காலமானார். மறு ஆண்டிலேயே ஹ்யூ பர்ஸெல் எழுதிய அவருடைய சரித்திரம் வெளிவந்தது. மிகவும் அந்தரங்கமான பிரபலஸ்தர் என்பது அதன் தலைப்பின் பொருள்.