திரையில் வரையப்படும் அந்நியர்

சவூதி அரேபியாவின் கிழக்குக் கரையிலுள்ள அல் கோபார், 1938இல் எண்ணெய் கண்ட தஹ்ரானை அடுத்த நகரம். பல நாட்டாரோடு அவர்தம் உணவுகளும் வந்து சேர்ந்த இடம்.

அங்குள்ள யப்பானிய உணவகமொன்றுக்குத் தொலைக்காட்சி விளம்பரத்தைச் சித்திரங்களால் அமைப்பது சிறு வேலையன்று. விநாடிக்கு 25 சட்டகங்கள் வீதம் 30 விநாடிக்கு 750 சட்டகங்கள்; ஒரு சித்திரத்தை இரு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் 375 சித்திரங்கள் வேண்டும். சோற்றின்மீது மீன் துண்டு அமர்வதைக் காட்டலாம். அரிசி மதுவான சாகேயைக் காட்டலாகாது.

ஆயினும் வழி முன்னரே திறந்திருந்தது. லெபனானில் அரபுக் குரல் பெற்ற கிரென்டைசரும், கப்டன் மாஜித் எனப் பெயர் மாறிய கப்டன் சுபாசாவும் அரபுப் பிள்ளைகளின் தோழராயினர். யப்பானிய உணவைச் சுவைத்தறியாத வீடுகளிலும் யப்பானியச் சித்திரம் குடிபுகுந்திருந்தது.

சமையற்காரரைக் கோட்டுக் கண்ணும் துருத்திய பல்லுமாக வரைதல் எளிது. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கக் கார்ட்டூன்கள் யப்பானியரை அவ்வாறே இழிவுபடுத்தின. அவரது கத்தி பிடித்த கையின் நிதானத்தை வரைவதற்கோ, வரைபவர் அவரருகே நின்று பார்த்திருத்தல் வேண்டும்.

ரொரன்ரோவிலும் பாரிசிலும் நம்மவரின் கொத்துரொட்டிக் கடைகள் உள்ளன. அவற்றுக்கும் எவரேனும் படம் வரையக்கூடும். அவரை அடுப்படிக்கு அழைத்துக் காட்டும் பொறுப்பு நம்முடையதென்றே நாம் கருதுகிறோம்.