கம்பி சூடாகிறதா? காட்டிக் கொடுக்கும் வளையம்!

காலை 7 மணி. குளியல் அறையில் கீசர் ஓடுகிறது. குழந்தை தூங்கும் அறையில் ஏ.சி. ஓடுகிறது. அப்பா அவசரமாகச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார். திடீர் என்று மெயின் பெட்டிப் பக்கம் கருகல் நாற்றம்!

ஏன் இப்படி? கணக்குப் பாருங்கள்.

கீசர் 2,000 வாட். ஏ.சி. 1,600 வாட். இஸ்திரிப் பெட்டி 1,000 வாட். மொத்தம் 4,600 வாட். வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். வகுத்தால், சுமார் 20 ஆம்பியர்!

10 ஆம்பியர் 20 ஆனால், கம்பியில் உண்டாகும் வெப்பம் இரண்டு மடங்கு அல்ல, 4 மடங்கு! மெல்லிய கம்பி இதைத் தாங்காது. இணைப்பு தளர்ந்து இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

வெட்ட வேண்டாம்

கம்பியில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்ட, வீட்டு மின் அளவுக் கருவி இருக்கிறது. அதன் உயிர், ஒரு சின்ன வளையம். துணிக் கிளிப் போல அது வாய் திறக்கும். கம்பியைச் சுற்றி மாட்டினால் போதும். கம்பியை வெட்ட வேண்டியது இல்லை.

மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்த சக்தி உண்டாகும். 1820-ல் டென்மார்க் விஞ்ஞானி எர்ஸ்டெட் கண்டுபிடித்த உண்மை இது. வளையத்துக்குள் மெல்லிய கம்பி 2,000 சுற்று சுற்றி இருந்தால், பெரிய ஓட்டம் அதில் 2,000-ல் ஒரு பங்காகக் குறைந்து வரும். கருவி அதை அளந்து, கணக்குப் போட்டு, செல்போனில் காட்டிவிடும்.

3 தவறுகள்

1. போகும் கம்பி, திரும்பும் கம்பி இரண்டையும் சேர்த்து மாட்டக் கூடாது. ஒன்றின் காந்த சக்தியை மற்றது அழித்துவிடும். கருவி பூஜ்யம் காட்டும்!

2. 60 ஆம்பியர் ஓடும் கம்பியில் 30 ஆம்பியர் வளையத்தை மாட்டக் கூடாது. ஓட்டத்தைக் குறைத்துக் காட்டிவிடும்.

3. வளையத்தின் வாய் நன்றாக மூட வேண்டும். இடைவெளி இருந்தால் அளவு தப்பு.

மும்முனை மின்சாரம் உள்ள வீட்டுக்கு 3 வளையங்கள் வேண்டும். மெயின் பெட்டியை நீங்களே திறக்காதீர்கள். தொழில் தெரிந்த ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.

பியூசை ஏமாற்றாதீர்

இந்தக் கருவி எண்ணைக் காட்டும், மின்சாரத்தை நிறுத்தாது. நிறுத்துவது பியூசின் வேலை. "அடிக்கடி பியூஸ் போகிறதே" என்று தடித்த கம்பியைக் கட்டினால், பியூசுக்குப் பதில் சுவருக்குள் இருக்கும் கம்பி எரியும்!

எண் ஏறுகிறதா? ஒன்றை நிறுத்துங்கள். குளித்து முடித்த பிறகு இஸ்திரி போடலாமே!