கொற்கை கூறும் பாடம்

திருநெல்வேலிச் சீமையிலே, தாமிரபரணியின் வடகரைப் பக்கத்தில், கொற்கை என்றொரு சிற்றூர் உண்டு. வயல்களின் நடுவே கிடக்கும் அவ்வூரிலிருந்து கடலைக் காண விரும்புவோர் கிழக்கே ஏறக்குறைய நான்கு மைல் செல்லல் வேண்டும். இதுவோ பாண்டியரின் பெருந்துறை என்று புதிதாய் வருவோர் ஐயுறுவர்.

ஐயத்துக்கு இடமில்லை. சேர சோழ பாண்டியர் மூவரும் தோன்றிய இடம் இதுவே என்பது பழைய ஐதிகம். ஐதிகத்தை நம்பாதாரும் சான்றை மறுத்தல் இயலாது. கொற்கை முத்தின் புகழைச் சங்கப் புலவர் பாடினர். கி.பி. முதல் நூற்றாண்டில் யவன மாலுமி ஒருவன் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் நூல், இவ்வூரைக் ‘கொல்கை’ எனக் குறித்து, பாண்டியனுடைய முத்துச் சலாபத்தில் தண்டனை பெற்ற கைதிகள் குளித்தனர் என்கிறது. 1968-69இல் தமிழகத் தொல்பொருள் துறையினர் அகழ்ந்தபோது, தாழிகளும் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. அங்கே எடுத்த கரித்துண்டு கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டியதென ஆய்வாளர் கணித்தனர்.

அத்தகைய பட்டினம் அழிந்தது ஏன்? பகைவர் படை அதனைக் கடலினின்றும் பிரிக்கவில்லை. வளம் தந்த ஆறே வண்டலைக் கொணர்ந்து துறையைத் தூர்த்தது. கடல் விலகவே வணிகர் கடலைத் தொடர்ந்து சென்று காயலில் கடை விரித்தனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டுக் குதிரைகள் அங்கே வந்திறங்கியதைக் குறித்துள்ளான். பழைய காயலையும் மணல் மூடிற்று. வாணிகம் தூத்துக்குடியை அடைந்தது. துறை இருமுறை மாறியும் தொழில் மாளவில்லை.

மூன்றாம் இடையூறோ இயற்கையால் வந்ததன்று. 1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது. அரசாங்கமும் அதற்கே துணை நின்றது. 1908இல் பிள்ளையவர்களைச் சிறையிலிட்டனர். 1912இல் அவர் விடுதலை பெற்று வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை.

ஆறு துறையைத் தூர்த்தால் வேறு துறை காணலாம். கப்பல் பிறர் கையதாயின், துறை இருந்தும் பயன் என்ன? இன்று அத்துறைமுகம் வ. உ. சி.யின் பெயரையே தாங்கி நிற்கிறது. பெயர் சூட்டியதோடு நம் கடன் தீர்ந்துவிடவில்லை. அங்கு வந்து செல்லும் கப்பல்களுள் நம்மவருடையவை எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதே அப்பெரியாருக்கும், அவருக்கு முன் கொற்கையில் பாய் விரித்த முன்னோருக்கும் நாம் செய்யும் மரியாதை.