காரின் மூளையை ஏமாற்றும் கம்பி

மாணவர்களே, ‘ஹாஃப்-கட்’ கடையில் வாங்கிய ஜப்பானிய இயந்திரத்தைப் பழைய காரில் பொருத்தினால் மட்டும் போதுமா? அதன் மூளையான ‘இசியு’ கணினிக்கும் சரியாகக் கம்பி இணைக்க வேண்டும்.

ரேடியேட்டர் நீரின் வெப்பத்தை அளக்கும் உணர்கருவியைப் பாருங்கள். கணினி அதற்கு 5 வோல்ட் தருகிறது. நீர் சூடேறச் சூடேற உணர்கருவியின் மின்தடை குறையும். கணினி அளக்கும் வோல்ட்டும் குறையும்.

இதன் எர்த் கம்பியைக் காரின் துருப்பிடித்த உடற்பகுதியில் முடுக்கிவிட்டால் என்ன ஆகும்? மற்றக் கருவிகளின் மின்னோட்டமும் அவ்வழியே பாயும்போது, துருவின் தடையால் அங்கே வோல்ட் சற்று உயரும். இயந்திரம் கொதித்தாலும், ‘இன்னும் சூடாகவில்லை’ எனக் கணினி கருதும். பெட்ரோலை அதிகம் தெளிக்கும். விசிறியைத் தாமதமாக இயக்கும். இயந்திரமே பழுதாகலாம்.

ஆகவே, உணர்கருவியின் எர்த் கம்பி நேராகக் கணினிக்கே திரும்ப வேண்டும்.