உங்களுக்குத் தெரியுமா? லேப்டாப்பில் ஓடியது சர்வரில் ஏன் படுக்கிறது?

சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸை ரயன் டால் 2009 நவம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் அறிமுகப்படுத்தினார். அப்போது அது லினக்ஸ், மேக் போன்ற யூனிக்ஸ் வழிவந்த தளங்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருந்தது. 2011இல் மைக்ரோசாஃப்ட் கைகொடுத்தது. அவ்வாண்டு நவம்பரில் வெளியான 0.6 பதிப்பில்தான் விண்டோஸுக்கு முறையான இடம் கிடைத்தது. அந்த முயற்சியில் பிறந்ததுதான் லிப்யூவி என்ற நிரல் நூலகம். லினக்ஸின் ஈபோல், மேக்கின் கேக்யூ, விண்டோஸின் ஐஓசிபி ஆகிய மூன்றையும் அது தனக்குள் வைத்துக்கொண்டு நம் நிரலுக்கு ஒரே முகத்தைக் காட்டுகிறது. ஆனால் கோப்பின் பெயர், வரியின் முடிவு, கட்டளை எழுதும் முறை இவற்றில் உள்ள வேற்றுமைகளை அது மறைப்பதில்லை. கீழே வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அங்கேதான் முளைக்கின்றன.

●

விண்டோஸ் மட்டும் ஏன் \ போடுகிறது? 1981இல் வந்த முதல் டாஸில் ஃபோல்டரே கிடையாது. கட்டளைகளோடு சேர்க்கும் விருப்பங்களுக்கு / குறியைக் கொடுத்துவிட்டார்கள். 1983இல் டாஸ் 2.0 ஃபோல்டரைக் கொண்டுவந்தபோது அந்தக் குறி காலியாக இல்லை. இன்று விண்டோஸில் ஓடும் நோட் / குறியையும் ஏற்றுக்கொள்ளும். லினக்ஸோ \ குறியைப் பெயரில் உள்ள ஓர் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். ‘அறிக்கை\மே’ என்று எழுதினால், அறிக்கை ஃபோல்டருக்குள் மே உருவாகாது. அந்த முழுப் பெயரிலேயே வெளியே ஒரு கோப்பு உருவாகும், பிழைச்செய்தியும் வராது. பாதையைக் கையால் ஒட்டாதீர்கள், பாத்.ஜாயினிடம் விடுங்கள்.

●

அதிகம் பேரை விழவைப்பது எது என்று கேட்டால், ஆங்கிலப் பெரிய எழுத்து என்பேன். கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும். ரிக்வயர் வரியில் சின்ன எழுத்தில் எழுதியிருப்போம். விண்டோஸும், வாங்கியபடியே இருக்கும் மேக்கும் கண்டுகொள்ளாமல் திறந்துவிடும். லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள், ஆகவே மாட்யூல் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். திருத்தப் போனாலும் ஒரு கண்ணி உண்டு. எழுத்தின் அளவை மட்டும் மாற்றிப் பெயரிட்டால், அந்த இரண்டு தளங்களிலும் கிட் அதை ஒரு மாற்றமாகவே எண்ணாமல் விட்டுவிடலாம். ‘கிட் எம்வி’ கட்டளையால் மாற்றுவதே சரி.

●

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் மேற்சொன்ன தொல்லை இல்லை. ஆனால் வேறொன்று காத்திருக்கிறது.

யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஓகாரத்துக்கான ஒரே குறியை வைக்கலாம். அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ‘கோவில்’ என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டுப் பாருங்கள்: முதல் வகைக்கு 6 என்று சொல்லும், இரண்டாவதற்கு 7. பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை, எப்படிக் கொடுத்தாலும் பிரித்தே சேமித்தது. 2017இல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்தபடி வைத்துக்கொண்டு தேடும்போது இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கிறது. விண்டோஸிலும் லினக்ஸிலும் அவை இரு வேறு கோப்புகள். பழைய மேக்கிலிருந்து வந்த படங்களை லினக்ஸ் சர்வரில் ஏற்றி, தரவுதளத்தில் தட்டச்சு செய்த பெயரால் தேடினால் கிடைக்காமல் போகலாம். பட்டியலில் பெயர் கண்ணெதிரே இருக்கும், கோப்பு திறக்காது.

ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் எல்லாவற்றுக்கும், ‘ஔ’வுக்கும் இது பொருந்தும். மருந்து எளிது. இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும் நார்மலைஸ் 2015 முதல் ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. பெயர் உள்ளே வரும் வாசலிலேயே அதைப் போட்டுவிடுங்கள். தமிழ்ப் பெயர்களைக் கையாளும் யாரும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

●

64 பிட் விண்டோஸில் நோட்டிடம் ‘நீ எந்தத் தளத்தில் ஓடுகிறாய்?’ என்று கேட்டால், ‘வின்32’ என்றே பதில் வரும். அதைப் பார்த்து 32 பிட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

●

விண்டோஸில் வரி முடிவுக்கு இரண்டு குறிகள், லினக்ஸில் ஒன்று. அச்சு உருளையை இடது ஓரத்துக்குத் திருப்புவது ஒரு வேலை, தாளை மேலே நகர்த்துவது இன்னொரு வேலை என்றிருந்த டெலிபிரிண்டர் காலத்தின் மிச்சம் அது. விண்டோஸ் முறையில் சேமித்த கட்டளைக் கோப்பை லினக்ஸில் நேரடியாக ஓட்டினால், முதல் வரியிலுள்ள ‘நோட்’ என்ற பெயரோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெயரில் எந்த நிரலும் இல்லை என்று லினக்ஸ் சொல்லும், உண்மையும் அதுதான். கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினால் குழுவில் எல்லாருக்கும் ஒரே முறை வந்துவிடும்.

●

என்பிஎம் ஸ்கிரிப்டுகளை லினக்ஸில் ஷெல்லும் விண்டோஸில் சிஎம்டியும் ஓட்டுகின்றன. ‘நோட்_என்வ்=புரொடக்‌ஷன்’ என்று கட்டளைக்கு முன்னால் எழுதுவது சிஎம்டிக்குப் புரியாது. ஒற்றை மேற்கோள் குறியையும் அது மேற்கோளாக மதிக்காது. கிராஸ்-என்வ் என்ற சிறு பேக்கேஜ் முதல் தொல்லைக்காகவே எழுதப்பட்டது. 2023இல் வந்த நோட் 20.6 முதல், சூழல் மாறிகளைத் தனிக் கோப்பிலிருந்து நேரடியாகவே படிக்கலாம்.

●

260 எழுத்துகள். விண்டோஸ் நெடுங்காலம் ஒரு கோப்பின் முழுப் பாதைக்கு வைத்திருந்த எல்லை அது. பேக்கேஜுக்குள் பேக்கேஜ் என்று அடுக்கிய பழைய என்பிஎம் அந்த எல்லையைச் சாதாரணமாகத் தாண்டியது, நிறுவியதை அழிக்கக்கூட முடியாமல் பலர் திணறினார்கள். 2015இல் வந்த என்பிஎம் 3, முடிந்தவரை எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் பரப்பி வைத்தது.

●

நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டரை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு அப்படியே நகலெடுக்காதீர்கள். பிகிரிப்ட், ஷார்ப் போன்ற பேக்கேஜுகளில் சி, சி++ மொழிகளில் எழுதி அந்தந்தத் தளத்துக்கென்று தொகுத்த பகுதி இருக்கிறது. இடம் மாறினால் அது ஓடாது. ஒரு லினக்ஸிலிருந்து இன்னொன்றுக்குப் போனாலும் சில சமயம் இதே கதைதான். டெபியனில் உள்ள சி நூலகம் ஜிலிப்சி, டாக்கரில் பலர் விரும்பும் ஆல்பைனில் உள்ளது மசல். சர்வரில் புதிதாக நிறுவுவதே பாதுகாப்பு.

●

2024 ஏப்ரலில் நோட்டில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்தார்கள். விண்டோஸில் .பேட், .சிஎம்டி கோப்புகளுக்கு அனுப்பும் சொற்களுக்குள் வேறொரு கட்டளையை ஒளித்து அனுப்ப முடிந்தது. அதன்பின் ஷெல் இல்லாமல் அவற்றை ஸ்பான் செய்தால் பிழை வரும். விண்டோஸில் என்பிஎம்மே ஒரு .சிஎம்டி கோப்பு என்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல கருவிகள் அந்த மாதம் நின்றன. அந்த முடிவு சரியானதே.

●

பேக்கேஜ் எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஒரே சோதனையை லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓட்டலாம், பொதுவில் திறந்து வைத்த திட்டங்களுக்குக் கட்டணமும் இல்லை. கற்றுக்கொள்ள வரும் மாணவர் பலர் கையில் இருப்பது விண்டோஸ் லேப்டாப்தான். உங்கள் சோதனைப் பட்டியலில் அதையும் சேருங்கள்.